வேலையை விடாமல் ஒரு எம்.பி.ஏ.: 20 மாதங்களின் கணக்கு

பணியில் இருப்பவர்களுக்கான எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. படிப்பொன்றை அண்மையில் முடித்தேன். மொத்தம் 20 மாதங்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளியும் சனியும் முழுநாள் வகுப்பு, நடுவில் ஒரு வாரம் வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் ஓர் ஆய்வுத்திட்டம் என்பது அதன் அமைப்பு. கல்லூரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பாதி அந்தக் கல்லூரிக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை. இதே வகைப் படிப்பை வேறிடங்களில் முடித்த நண்பர்களும் ஏறக்குறைய இவற்றையே சொல்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், வகுப்பறை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது, கல்லூரி அலுவலகம் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. விளக்கக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த ‘வேலையை விடாமலே பட்டம்’ என்ற வாக்குறுதி உண்மைதான். ஆனால் படிப்புக்கான நேரத்தை வேலையிலிருந்து எடுக்காவிட்டால் வேறு எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு அந்தக் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை.

இயந்திரங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உதிரிபாகங்களின் கொள்முதலையும் இருப்பையும் திட்டமிடும் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். பணிக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் கணவர், மாமியார், படிப்பு தொடங்கியபோது ஒன்பது வயதான மகன், ஐந்து வயதான மகள். நிதிப் பிரிவினரோடு நடக்கும் கூட்டங்களில் அவர்கள் பேசுவது பாதி புரிந்து, மீதிப் பாதிக்குத் தலையாட்டி வந்த எரிச்சல்தான் என்னை இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க வைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தகைய படிப்பு ஒன்றும் புதிதல்ல. பணியில் இருக்கும் மேலாளர்களுக்கென்றே சிகாகோ பல்கலைக்கழகம் 1943-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, முதன்முதலில் இதைத் தொடங்கியது. முழுநேர எம்.பி.ஏ.வில் உள்ள கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், உற்பத்தி மேலாண்மை, வணிக உத்தி ஆகிய அடிப்படைப் பாடங்கள்தாம் இதிலும் உள்ளன. உட்கார்ந்து படிப்பவர்கள்தாம் வேறு. எந்தக் கல்லூரி என்று தேடும்போது ஏ.ஏ.சி.எஸ்.பி., ஆம்பா, ஈக்விஸ் ஆகிய மூன்று பன்னாட்டு அங்கீகாரங்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முதலாவது 1916-இலும் இரண்டாவது 1967-இலும் தொடங்கப்பட்ட அமைப்புகள். மூன்றையும் பெற்ற கல்லூரிகள் அதை மும்மகுடம் என்று விளம்பரம் செய்துகொள்கின்றன. தரவரிசைகளையும் நான் அலசினேன். ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழின் பட்டியல், பட்டம் பெற்று மூன்றாண்டுகள் ஆனவர்களிடம் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டு அதற்குப் பெரிய மதிப்பெண் தருகிறது. அது பயனுள்ள தகவல்தான். என்றாலும் இடையில் எத்தனை பேர் படிப்பைக் கைவிட்டார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் செலவாயிற்று என்ற பத்தி நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் கண்ணில் படவில்லை.

நுழைவுத்தேர்வு பெரிய தடையாக இல்லை. மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை நடத்தும் அமைப்பே 2016-இல் அனுபவசாலிகளுக்கென எக்ஸிக்யூட்டிவ் அசெஸ்மென்ட் என்ற சிறிய தேர்வை அறிமுகம் செய்தது. 90 நிமிடம், 40 கேள்வி, பள்ளிக் கணிதத்தைத் தூசி தட்டினால் போதும். அதைவிடக் கடினமாக இருந்தது, ஒன்று விட்டு ஒரு வெள்ளிக்கிழமை என்னை விடுவிக்க நிறுவனம் சம்மதிக்கிறது என்ற கடிதத்தில் மேலதிகாரியின் கையெழுத்தை வாங்கியது. அவர் கையெழுத்திட்டார். வெள்ளிக்கிழமை வேலையை வேறு யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. ஆக, அது வியாழன் நள்ளிரவுக்கும் ஞாயிறு காலைக்கும் இடம் பெயர்ந்தது.

வகுப்பறையைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்லவையே அதிகம். முதல் பாடமான கணக்கியலில், ஆண்டுக்காண்டு லாபம் கூடிக்கொண்டே வந்த ஒரு நிறுவனத்தின் மூன்றாண்டு அறிக்கைகளைப் பேராசிரியர் திரையில் போட்டு, இது நான்காம் ஆண்டு ஏன் சம்பளம் போட முடியாமல் திணறியது என்று கேட்டார். முக்கால் மணி நேரம் யாரும் சரியாகச் சொல்லவில்லை. பிறகு, மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கும் ஒரு மருத்துவர், காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டிய தொகை தன் புத்தகத்தில் வருமானமாக நின்றுகொண்டிருக்கும்போதே மருந்துக்கடைக்காரருக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லாமல் போன மாதத்தை விவரித்தார். லாபம் வேறு, பணப்புழக்கம் வேறு என்பதை எந்தப் பாடநூலிலும் நான் படித்திருக்கலாம். ஆனால் பாடநூல் அந்த மருத்துவரைப் போல நெற்றியைத் துடைத்துக்கொள்ளாது. இருபத்து மூன்று வயதில் முழுநேர எம்.பி.ஏ. படித்த என் தம்பிக்கு இப்படியொரு வகுப்புத் தோழர் வாய்த்திருக்க வழியில்லை.

இருபது மாதங்களில் மிகச் சிறந்த நாள் எது என்று கேட்டால் தயங்காமல் பியர் விளையாட்டு ஆடிய சனிக்கிழமையைச் சொல்வேன். பியர் பெட்டிகள் ஆலையிலிருந்து கடைவரை போய்ச் சேரும் பாதையை ஆடிப் பார்க்கும் இந்தப் பயிற்சியை 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டரின் குழுவினர் உருவாக்கினார்கள். மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றும் ஆடுகிறார்கள். சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு இடங்கள். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. பக்கத்து இடத்துக்கு வாரம் ஒரு சீட்டில் எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். சரக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். தேங்கிக் கிடக்கும் பெட்டிக்கு ஒரு பங்கு அபராதம் என்றால், கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் போன பெட்டிக்கு இரண்டு பங்கு. எனக்கு ஆலை கிடைத்தது. சில வாரங்கள் நான்கு நான்கு பெட்டியாகக் கேட்ட விநியோகஸ்தர் திடீரென்று 10 கேட்டார், பிறகு 18, பிறகு 35. நான் பதறிப்போய் உற்பத்தியைக் கூட்டினேன். கூட்டிய சரக்கு கைக்கு வந்த வாரத்தில் சீட்டில் பூஜ்ஜியம் இருந்தது. அடுத்த வாரமும் பூஜ்ஜியம். கடைசியில் பேராசிரியர் வாடிக்கையாளரின் சீட்டுகளை வரிசையாக மேசையில் பரப்பினார்: வாரம் நான்கு பெட்டி கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு முறை எட்டுக்கு மாறினார், அதன் பின் இறுதிவரை எட்டுதான். எங்கள் நால்வரின் பயமும் தாமதமும் சேர்ந்து அந்தச் சிறிய மாற்றத்தை அவ்வளவு பெரிய ஆட்டமாக்கியிருந்தன. பிடியை லேசாக அசைத்தால் நுனி எகிறுவதால் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள்.

அன்று மாலை எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் அந்த விநியோகஸ்தரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கிளை அலுவலகங்கள் அத்தனையும் அவரேதான். எங்கே தட்டுப்பாடு வருமோ என்று ஒவ்வொரு கிளையும் கொஞ்சம் கூட்டி எழுதும், அதைப் பார்த்து மண்டல அலுவலகம் கொஞ்சம் கூட்டும், அதைப் பார்த்து நான் கூட்டுவேன். திங்கட்கிழமை முதல் வேலையாக, கிளைகள் எவ்வளவு வேண்டும் என்று எழுதுவதோடு முந்தைய நாள் உண்மையில் எவ்வளவு விற்றது என்பதையும் அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அடுத்த காலாண்டில் கிடங்கில் நடக்க வழி கிடைத்தது. எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ.வின் பயன் என்று நான் கருதுவது இதைத்தான்: சனிக்கிழமை கற்றதைத் திங்கட்கிழமை உரசிப் பார்க்க ஒரு வேலை கையில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் படித்திருந்தால் இந்த விளையாட்டு எனக்கு வெறும் விளையாட்டாகவே போயிருக்கும்.

எல்லாப் பாடங்களும் அந்தத் தரத்தில் இல்லை. சந்தைப்படுத்தல் பேராசிரியரின் ஸ்லைடுகளில் இருந்த கைப்பேசிகளுக்குப் பொத்தான்கள் இருந்தன. தலைமைப் பண்புப் பயிலரங்கில் எங்களை நான்கு வண்ணங்களாகப் பிரித்தார்கள். நான் நீலம் என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில்லை. வெளிநாட்டு வாரம் தொழிற்சாலைச் சுற்றுலாவுக்கும் விருந்துக்கும் இடையில் எங்கோ நின்றது. அதற்குத் தனிக் கட்டணம் வாங்கியிருக்கத் தேவையில்லை.

படிப்புக் குழு என்ற ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சேருவதற்கு முன் நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. ஐந்து ஐந்து பேராகக் கல்லூரியே பிரித்துவிடும். ஏறக்குறைய பாதி மதிப்பெண் குழு அசைன்மென்டுகளுக்கு. ஐவரில் ஒருவர் அடிக்கடி விமானத்தில் இருப்பார், ஒருவர் இரவுப் பணியில் இருப்பார், எனக்குப் பிள்ளைகள் தூங்கும்வரை பேச முடியாது. ஆக இரவு பத்தரை மணிக்குத்தான் ஐந்து முகங்களும் திரையில் ஒன்றுசேரும். முதல் மூன்று மாதங்கள் எல்லாரும் எல்லாவற்றையும் செய்தோம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாக்குவாதம் நடந்தது, ஒரு கேஸ் ஸ்டடிக்கு நான்கு இரவுகள் போயின. பிறகு ஒருவர் எழுதுவது, ஒருவர் சரிபார்ப்பது, மற்ற மூவர் படித்து மட்டும் வருவது என்று முறை வைத்தோம். வீட்டில் உடல்நலக் குறைவு என்றால் காரணம் கேட்காமல் முறையை மாற்றிக்கொள்வது என்றும் பேசிக்கொண்டோம். அந்த இரண்டாவது உடன்பாடுதான் எங்களைக் கடைசிவரை சேர்த்து வைத்தது. எங்கள் பிரிவில் பாதியிலேயே விலகிய மூவரும் பாடம் புரியாமல் போனவர்கள் அல்லர், குழுவில் ஒட்ட முடியாமல் போனவர்கள்.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன். வகுப்புக்கு வெளியே வாரம் 10 முதல் 12 மணி நேரம் போதும் என்று கையேடு சொன்னது. தொழில் பழக்கத்தில் நான் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். சாதாரண வாரங்களில் 17 மணி நேரமும் தேர்வை ஒட்டிய வாரங்களில் 25 மணி நேரமும் ஆயின. தூக்கத்திலிருந்து ஓரளவு எடுத்தேன். மீதியெல்லாம் வீட்டிலிருந்து வந்தது. வீடு என்றால் குறிப்பாகக் கணவரிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும். மகளுக்குத் தலை பின்னுவதைக் கணவர் கற்றுக்கொண்டார், பெற்றோர் கூட்டங்களுக்கு அவரே போனார். ஆறாவது மாதம் ஒருநாள் இரவு, “நீ படிக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை நீ இங்கதான் உக்காந்திருக்கே, இங்க இல்ல,” என்றார். அவர் குரல் உயரவில்லை. அதன் பின் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மடிக்கணினியை மாமியாரின் அலமாரியில் வைத்துப் பூட்டினோம், சாவி அவரிடம் இருந்தது. ஒரே ஒரு முறை நிதிப் பாடத்துக்காகக் கெஞ்சிப் பார்த்தேன். “நாலு மணி நேரத்துல நீ என்னத்தம்மா கிழிக்கப் போற?” என்றார் அத்தை. நியாயமான கேள்விதான்.

பிள்ளைகள் இதை எங்களைவிட இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே மேசையில் மகன் வகுத்தல் கணக்கும் நான் நிதிப் பாடத்தின் நிகர நிகழ்கால மதிப்புக் கணக்கும் போட்டுக்கொண்டிருப்போம். முதல் பருவ முடிவு வந்த அன்று மதிப்பெண் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல யாரும்மா கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டான். யாரும் போட வேண்டாம் என்றதற்கு, “அப்பாவாவது பாத்தாரா?” என்றான். புள்ளியியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை விரலால் தொட்டுக் காட்டி, ‘இதில் இன்னும் முயற்சி தேவை’ என்று தன் ஆசிரியை எழுதும் அதே வாக்கியத்தைப் பென்சிலால் எழுதி, கீழே தன் பெயரையும் எழுதினான். அந்தத் தாளை இன்னமும் வைத்திருக்கிறேன். புள்ளியியல் குறித்து அவன் சொன்னது சரி.

பணியில் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு நேரடியான பதில்: பட்டத்தால் இதுவரை பதவி உயர்வு கிடைக்கவில்லை, பேசும் மொழி கிடைத்தது. நிறுவனம் கட்டணத்தில் பாதியை ஏற்றது. பதிலுக்கு, படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காலம் முடிவதற்குள் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், திருப்பிக் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா அல்லது கடைசி நாள் வரை முழுத்தொகையா என்று பாருங்கள். என்னுடையது முழுத்தொகை, அதை நான் கவனித்தது பின்னால்தான். வேலை மாற விரும்பிச் சேர்ந்த தோழர்கள் சிலருக்கு வேறொரு ஏமாற்றம் காத்திருந்தது. கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே. எங்களுக்கு ஓர் ஆலோசகரும், சுயவிவரத்தைத் திருத்தித் தரும் ஒரு பிற்பகலும்தான். விளக்கக் கூட்டத்தில் ‘வேலைவாய்ப்புச் சேவை’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பிட்டார்கள்.

கல்லூரி அலுவலகத்தைப் பற்றி நான் ஏன் கடுமையாக இருக்கிறேன் என்பதற்கு ஏழாவது மாதம் நடந்ததைச் சொன்னால் போதும். ஒரு புதன்கிழமை அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வெள்ளிக்கிழமை காலை அறுவைச் சிகிச்சை. அந்த வாரத்து வகுப்புகளை மருத்துவமனையிலிருந்து காணொளி வழியாகக் கவனிக்கிறேன் என்று வியாழக்கிழமையே எழுதினேன். வகுப்பறையில் இரண்டு கேமராக்கள் இருந்தன, அவற்றின் படம் கையேட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை கட்டாயம் என்றும், இணையவழிப் பங்கேற்பு வருகையாகக் கணக்கில் வராது என்றும் பதில் வந்தது. அந்தப் பாடத்துக்கு மொத்தமே நான்கு நாட்கள் என்பதால் இரண்டு நாட்கள் போனால் பாடமே போயிற்று. விதி விதிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அடுத்த ஆண்டுப் பிரிவினரோடு அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க மீண்டும் கட்டணம் கேட்டார்கள். மூன்று கடிதங்களுக்குப் பிறகு, பாடம் நடத்திய பேராசிரியரே தலையிட்டதால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். பத்தொன்பதாவது மாதம், ஆய்வுத்திட்டத்தின் கடைசி அத்தியாயத்தோடு சேர்த்து, முன்பின் தெரியாத நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து அதைப் படித்து முடித்தேன். நடுவயதினருக்கென்றே நடத்தும் ஒரு படிப்பில் பெற்றோர் விழுவதும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதும் அபூர்வமான நிகழ்ச்சிகள் அல்ல என்பதை அந்த அலுவலகம் எப்போதோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஆகவே சேர நினைப்பவர்கள் விளக்கக் கூட்டத்தில் பேராசிரியர்களின் பெருமையைக் கேட்டுக்கொண்டிருக்காமல், விடுபட்ட வகுப்பை எப்படி ஈடுசெய்வது, ஓராண்டு நிறுத்திவைத்துத் தொடர முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா, குழுவை மாற்றிக்கொள்ளலாமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 20 மாத நாட்காட்டியை முன்கூட்டியே தருவார்களா என்றும் கேளுங்கள். எங்களுக்குப் பருவம் பருவமாகத்தான் தந்தார்கள், பிள்ளைகளின் தேர்வு வாரமும் என் தேர்வு வாரமும் மூன்று முறை மோதின. படிப்பை ஏற்கெனவே முடித்த ஒருவரிடம் பேசுங்கள், முடிந்தால் அவருடைய கணவரிடமோ மனைவியிடமோ பேசுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், தாங்கிப் பிடிக்க இன்னொரு பெரியவர் இல்லாத நிலையில், நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கற்றதை உடனே பயன்படுத்திப் பார்க்க இடம் தராத பதவியில் இருப்பவர்களும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். மற்றவர்களுக்கு, வகுப்பறைக்காக மட்டும், பரிந்துரைப்பேன்.

அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. மாணவர் ஒருவருக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள் என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நால்வர். கோலூன்றி நடக்கும் அப்பாவையும் சேர்த்தால் ஐவர். கூடுதலாக மூன்று சீட்டுகள் கிடைக்குமா என்று கேட்டு எழுதினேன். விழாவை இரண்டு கேமராக்கள் மூலம் நேரலையாக ஒளிபரப்புவதாகவும், வர இயலாத குடும்பத்தினர் வீட்டிலிருந்தபடியே முழுமையாகப் பங்கேற்கலாம் என்றும் பதில் வந்தது.